இடப்பக்கம் திரும்பாத வண்டி

ஜோதியம்மாளுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் அவள் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்று அவளுடைய கணவன் ராமனே பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடியேதான் சாப்பாடு. பஸ் ஸ்டாப்பில் நின்றால், பஸ் வரும் திசையில் பத்தடி போய் எட்டிப் பார்ப்பாள், திரும்பி வருவாள், மறுபடி போவாள். இவள் நடந்தால் பஸ் சீக்கிரம் வந்துவிடும் என்று யார் சொன்னார்களோ!

காரணம் இல்லாமல் இல்லை. அம்மா சாகக் கிடக்கிறாள் என்று போன் வந்த அன்றைக்கு அவள் பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் நின்றாள். ராமன் சமையல் வேலைக்கு வெளியூர் போயிருந்தான். ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேராமல் எடுக்க மாட்டேன் என்றான். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அதிலிருந்து யாருக்காகவாவது காத்து நிற்பது என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலையில் வீடு. நடக்க முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு டிரஸ்டில் ஒன்பது வருடமாக வேலை. குளிப்பாட்டுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, அந்த வீட்டுக்காரர்களைத் திட்டுவது. கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டது. டிரஸ்டின் வேன் வந்து ஏற்றிப்போகும், கொண்டுவந்து விடும்.

அந்த வேனுக்குத்தான் ஆயுசு முடிந்தது. "இன்னும் மூணு மாசம்தான் வேன், முப்பதாம் தேதியோட கிடையாது ஜோதிம்மா. லைசென்ஸ் இருக்கறவங்களுக்கு ஆளுக்கொரு ஸ்கூட்டர் தராங்க. இல்லாதவங்க ஆபீஸ்லயே இருந்து துணி மடிக்கணும், மருந்து எடுத்து வைக்கணும்" என்று நர்ஸ் மதிவதனி மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். அவள்தான் அங்கே பொறுப்பு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து துணி மடிப்பதா! அதைவிட ஜெயிலுக்குப் போகலாம் என்று ஜோதியம்மாளுக்குத் தோன்றியது. தன் கை படாவிட்டால் தன் நோயாளிகள் என்ன ஆவார்கள் என்ற பயம் வேறு.

அக்கா மகனிடம் சும்மா கிடந்த பழைய ஸ்கூட்டரை வாங்கிவந்தாள். செங்கம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அமான் அதற்கு இரண்டு டயரும் புதிதாக மாட்டிக் கொடுத்தான். எல் போர்டும் ஒட்டியாயிற்று. ராமன் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன் என்று ஏறினான், முதல் நாளே இருவரும் கிரிவலப் பாதையில் குப்புற விழுந்தார்கள். அதற்குப் பிறகு அவன் அந்த வண்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

முழங்காலில் ரத்தத்தோடு எழுந்த ஜோதியம்மாள் நேரே மலையைப் பார்த்தாள். மனிதர்களிடம் பேசுவதுபோலவே மலையிடமும் பேசுவாள், மரியாதை கொஞ்சம் கம்மிதான். "இதோ பாரு. நான் உன்ன எப்பவும் வலது கைப் பக்கமே வச்சுக்கறேன். சுத்தறதுன்னா வலமாத்தான் சுத்துவேன். நீ என்னை விழாம வச்சுக்கோ. சரியா?" மலை மறுப்பு சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்தது.

அதற்குப் பிறகு அவள் விழவே இல்லை. வாக்கையும் மீறவில்லை. வீட்டிலிருந்து டவுனுக்குக் குபேர லிங்கம் வழியாகப் போவாள், திரும்பும்போது அதே வழியில் வராமல் செங்கம் ரோட்டு வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு வந்து வீடு சேர்வாள். பக்கத்துத் தெருவில் உப்பு வாங்கப் போனாலும் பதினான்கு கிலோமீட்டர். வாசலில் வண்டியைக் கையால் தள்ளி, மலை வலப்பக்கம் வரும்படி நிறுத்தி, அதன் பிறகுதான் சாவியைத் திருகுவாள். எங்கேயாவது இடப்பக்கம் திரும்பவேண்டி வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போய்விடுவாள். மூன்று மாதத்தில் வண்டி வெண்ணெயாக ஓடியது. ஊரே மெச்சியது. ராமன்கூட, "பரவால்லயே" என்றான்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் தரையில் எட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பேர் கூப்பிட்டதும் ஜோதியம்மாள் ஏறினாள். வலது வளையத்தை அழகாகச் சுற்றினாள், வரிசையில் நின்ற காலேஜ் பையன்கள்கூடப் பார்த்தார்கள். நடுவில் கோடு கோட்டை வெட்டும் இடம் வந்தது. வண்டி இடப்பக்கம் சாயவேண்டிய நேரம். அவ்வளவுதான், உடம்பு மரத்துவிட்டது. இடது தோள் எங்கே போகவேண்டும் என்று தெரியவில்லை, கண் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தாள். வண்டி ஆடிச் சாய்ந்தது, காலை ஊன்றிவிட்டாள்.

"ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், எழுதிக்கொண்டே.

மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. ஜோதியம்மாள் வாசலில் ஒரு டீயை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள். வலது வளையம் வந்தது, இடது ஏன் வரவில்லை? வண்டியில்தான் கோளாறு. சந்தேகமே இல்லை. நேரே அமான் கடைக்கு விட்டாள், அதையும் சுற்றிக்கொண்டுதான்.

அமான் முப்பது வயதுக்காரன், டிப்ளமா படித்தவன், வாய் ஓயாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுழற்றினான், ஹேண்டில்பாரை ஆட்டினான். பிறகு டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினான்.

"அக்கா, இந்த வண்டி இடப்பக்கம் திரும்பினதே இல்லியா?"

"ஏன் தம்பி?"

"இங்க பாருங்க. புது டயர்ல முடி முடியா ரப்பர் நீட்டிக்கினு இருக்கும் இல்ல? வலது ஓரத்துல ஒண்ணுகூட இல்ல, எல்லாம் தேஞ்சு போச்சு. இடது ஓரத்துல நான் மாட்டின அன்னிக்கு இருந்த மாதிரியே அப்படியே நிக்குது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு டயரப் பார்த்ததில்லக்கா."

ஜோதியம்மாள் குனிந்து பார்த்தாள். உண்மைதான். வேறு வழியில்லாமல் ஒப்பந்தத்தைச் சொன்னாள். அமான் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான், அடங்கவில்லை. அவள் முறைத்த முறைப்பில் எழுந்துபோய் ஒரு பேரிங் குண்டை எடுத்துவந்தான்.

"கோச்சுக்காதீங்க. இத உருட்டுங்க."

சிமென்டுத் தரையில் உருட்டினாள். அவன் காற்றடிக்கும் குழாயை அவள் கையில் கொடுத்தான். குண்டுக்குப் பின்னாலிருந்து காற்றை அடித்தாள், வேகம் கூடியது. எதிரிலிருந்து அடித்தாள், வேகம் குறைந்தது. இரண்டிலும் அது போன கோடு மாறவில்லை. மறுபடி உருட்டி, இம்முறை சரியாகப் பக்கவாட்டிலிருந்து லேசாக அடித்தாள். குண்டு வேகத்தை விடாமல் வளைந்தது. அவள் கூடவே நகர்ந்து பக்கத்திலிருந்தே அடித்துக்கொண்டு போக, குண்டு ஏர் டேங்கைச் சுற்றி அரைவட்டம் போட்டுவிட்டு ஓடியது.

"மூலைவாட்டுல அடிச்சுப் பாருங்க" என்றான். அடித்தாள். வளையவும் வளைந்தது, வேகமும் ஏறியது.

"அவ்ளோதாங்க்கா. எந்தத் தள்ளலையும் ரெண்டாப் பிரிச்சுக்கலாம். போற நீட்டுக்கு ஒரு பங்கு, அது வேகத்த ஏத்தும் இல்லன்னா எறக்கும். குறுக்க ஒரு பங்கு, அது வேகத்தத் தொடாது, திசையத்தான் திருப்பும். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் நீட்டு வேலை. சாய்ஞ்சு திரும்பறது குறுக்கு வேலை. நீங்க இடது வளைவுல பயந்து பிரேக்கப் புடிச்சீங்க. வேகம் செத்துப்போச்சு. வேகம் இல்லாம சாய்ஞ்ச வண்டி வேற எங்க போவும், கீழத்தான்."

ஜோதியம்மாளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. படுக்கையில் கிடப்பவரைத் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துக் குறுக்கே தள்ளினால்தான் திரும்புவார், அக்குளைப் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் ஆள் திரும்ப மாட்டார், முதுகுத் தோல்தான் உரியும். ஒன்பது வருடமாக வீடு வீடாக இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

"அப்ப வலப்பக்கம் மட்டும் எப்படி வந்துச்சு?"

"மலையச் சுத்தற வட்டம் எம்மாம் பெருசு! அதுல குறுக்குத் தள்ளல் எறும்பு கடிச்ச மாதிரி, தெரியவே தெரியாது. ஆனா டவுன் முக்குல எல்லாம் வலது வலதுன்னு திரும்பி அது பழகிப்போச்சு. இடதுக்கு உடம்பு பழகல. நாளைலருந்து மலைய எதிர்ப்பக்கமா ஒரு நாலு சுத்து சுத்துங்க, சரியாய்டும்."

"அது மட்டும் முடியாது" என்று சொல்லிவிட்டு ஜோதியம்மாள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் முதல் வீடு வெள்ளையம்மாளுடையது. பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கை. வலது இடுப்பில் உள்ளங்கை அகலப் புண். எவ்வளவு மருந்து வைத்தாலும் ஆறவில்லை, ஏனென்றால் அந்த அம்மாள் வலப்பக்கம் தவிர வேறு பக்கம் படுக்க மாட்டாள். மருமகள் வள்ளி கெஞ்சிப் பார்த்துக் களைத்துவிட்டாள்.

"இந்தப் பக்கம் படுத்தா ஜன்னல்ல மலை தெரியுது. அந்தப் பக்கம் வெறும் செவுரு. சாவற காலத்துல செவுரப் பாத்துக்கினு கெடக்கவா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"மலை எங்கயும் ஓடிப்போயிடாது. நீ பாத்தாலும் பாக்காட்டியும் அது பாட்டுக்கு அங்கதான் இருக்கும். ஒரே பக்கம் கெடந்தா புண்ணு எலும்பத் தொட்டுடும். திரும்பு!"

சொன்ன வாய் அப்படியே நின்றது. வள்ளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஜோதியம்மாளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்கிறோமே, நம் வண்டிக்கு வந்திருப்பதும் இதுதானே என்று வெட்கமாக இருந்தது. வெள்ளையம்மாளை இடப்பக்கம் புரட்டி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வெட்கப்பட்டாளே தவிர, இடப்பக்கம் திரும்பத் துணியவில்லை. அன்றும் மறுநாளும் வண்டியைத் தொடவில்லை. இரண்டு நாளும் அவள் வீட்டுக்குள் நடந்த நடையில் ராமனுக்குத் தலை சுற்றியது.

"ஒண்ணு ஓட்டு, இல்ல வித்துடு. இப்படி நடக்காத, தர தேஞ்சுடும்" என்றான்.

"விழுந்துட்டா?"

"விழுந்தா எழுந்திரு. என்னைத் தள்ளி உட்டுட்டு எழுந்த இல்ல?"

மூன்றாம் நாள் காலையில் வண்டியை வாசலில் தள்ளினாள். இந்த முறை மலை இடப்பக்கம் வரும்படி நிறுத்தினாள். "ஒப்பந்தம் இன்னியோட முடிஞ்சுது. உன் மேல கோவம் இல்ல. எனக்கு வேலை இருக்குது" என்று மலையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தெருவே நின்று வேடிக்கை பார்க்கும் என்று நினைத்திருந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பால் வண்டி, ஸ்கூல் பஸ், செங்கல் லாரி எல்லாம் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டிருந்தன. காலம் காலமாக அப்படித்தான் போகின்றன. ஒரு லாரிக்காரன் மட்டும் ஹாரன் அடித்தான், அதுவும் அவள் நடுரோட்டில் போனதற்கு.

முதல் இடது வளைவு நன்றாகவே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் ஒரு நாய் குறுக்கே ஓடியது, தரையில் மணல். பழைய பயம் முந்திக்கொண்டது, பிரேக்கை இறுக்கினாள். வண்டி சறுக்கி, அவளை ஒரு பக்கமும் தன்னை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு விழுந்தது.

முழங்கை உரிந்திருந்தது. முதலில் மலையைத்தான் பார்த்தாள், ஒப்பந்தத்தை மீறியதற்கு ஏதாவது சொல்லுமோ என்று. அது ஒன்றும் சொல்லவில்லை, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு மணலில் டயர் இழுத்த தடத்தைப் பார்த்தாள். ரோடு இடப்பக்கம் வளைந்திருந்தது. தடம் வளையவில்லை. அவள் பிரேக் பிடித்த இடத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி நேராக ரோட்டோரத்துக்குப் போயிருந்தது. டயருக்கு இருந்த பிடிப்பையெல்லாம் பிரேக்கே தின்றுவிட்டது, திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. திருப்ப ஆளில்லாத வண்டி, தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போய்விட்டது.

இது சாபமும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. பேரிங் குண்டு. அவ்வளவுதான்.

நடுரோட்டில் உட்கார்ந்து ஜோதியம்மாள் சிரித்தாள். டீக்கடையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேர், அடி தலையில் பட்டுவிட்டது என்று முடிவு செய்து தண்ணீர் தெளித்தார்கள். அவள் எழுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போய், மணலைக் காலால் ஒதுக்கிவிட்டு, அதே வளைவுக்கு மறுபடி வந்தாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாள். உள்ளே நுழைந்ததும் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள், ஆக்சிலேட்டரை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. இடது தோளைக் கொடுத்துச் சாய்ந்தாள், வளைவு முடியும் இடத்தைப் பார்த்தாள். வண்டி அதே வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தது. டீக்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதே வளைவை ஏழு முறை எடுத்தாள்.

மீதி நாளெல்லாம் காலையும் மாலையும் இடமாகவே சுற்றினாள். போகிற வழியில் அமான் டயரைப் பார்த்துவிட்டு, "முடி கொட்ட ஆரம்பிச்சுடுச்சு அக்கா" என்று கத்தினான்.

இரண்டாவது டெஸ்ட் இருபத்தெட்டாம் தேதி வைத்திருந்தார்கள். இதிலும் தோற்றால் துணி மடிக்கவேண்டியதுதான். காத்திருந்த நேரத்தில் அந்த மைதானத்தை அவள் நாற்பது தடவை நடந்து அளந்தாள். பேர் கூப்பிட்டதும் ஏறினாள். வலது வளையம் முடிந்து கோடு கோட்டை வெட்டும் இடம் வந்தபோது கை தன்னால் பிரேக்கைத் தேடியது. விரலை நீட்டி வைத்துக்கொண்டு, "குறுக்க, குறுக்க" என்று வாய்விட்டே சொன்னாள். இடது தோள் இறங்கியது. வண்டி வளைந்தது. வளையம் முடிந்து மறுபடி வலது, மறுபடி இடது.

"போதும்மா, எறங்குங்க. பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னும் ஒரு சுத்து சார்!"

"அம்மா, பின்னாடி அறுபது பேர் நிக்கறாங்க."

இறங்கினாள். மதிவதனிக்குப் போன் போட்டு, "வாங்கிட்டேன்" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டாள். ஒப்புக்குக்கூட மறைக்கவில்லை, அத்தனை பேர் முன்னாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

ஒன்றாம் தேதி டிரஸ்டில் சாவி கொடுத்தார்கள். கூடவே ஊர்ப் பட்டியலும். கிரிவலப் பாதையைத்தான் தருவார்கள் என்று நினைத்திருந்தவளுக்கு கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏழு ஊர்கள் வந்திருந்தன. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் லைசென்ஸ் எடுக்க முடியாது என்று மாதம் முடியுமுன்னே ஆபீசில் உட்கார்ந்துவிட்டாள், எட்டு நாளாக அங்கே யாருமே போகவில்லை என்றாள் மதிவதனி. ஜோதியம்மாள் பட்டியலை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

திண்டிவனம் ரோட்டில் ஏறியதும் மலை வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. பின்னால் கண்ணாடியில் இருந்தது. சுற்றுவதற்கு ஒன்றுமில்லாத நேர் ரோடு. இரண்டு பக்கமும் மணிலாக் கொல்லை, கண்ணுக்கெட்டிய வரை வேர்க்கடலைச் செடி. ஒரு பக்கமும் சாயாமல் இப்படிப் போவது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினாள்.

முதல் வீட்டில் அர்ஜுனன் என்று ஒருவர், மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர். எட்டு நாளாக ஒரே பக்கம் கிடக்கிறார் என்பது வாசலிலேயே நாற்றத்தில் தெரிந்தது. அவர் மனைவி ஓடிவந்தாள். பையையும் ஜோதியம்மாளையும் பார்த்துவிட்டு, வேனைத் தேடி ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"வேன் காணோமே? யாரும்மா உன்ன இட்டாந்து உட்டது?"

"யாரும் இட்டாரலீங்க. நானேதான் வந்தேன்."

சொல்லிவிட்டு ஜோதியம்மாள் பையோடு உள்ளே நுழைந்தாள். இந்தப் பதிலை அவள் இதுவரை எந்த வீட்டு வாசலிலும் சொன்னதில்லை.